காலாண்டுக் கணக்கும் காவிரிப் படுகையும்

இலக்கியமும் இலக்கணமும் பயிலும் துறையொன்றின் மலரில், விமான எஞ்சின் செய்யும் நிறுவனத்தின் வரவுசெலவைப் பற்றிய கட்டுரை எதற்கு என வினவுவார் இருக்கக்கூடும். கணக்கு நம் மொழிக்கு அயலானதன்று. பற்று, வரவு, பேரேடு, குறிப்பேடு, ஐந்தொகை என்னும் சொற்களை நம் வணிகர் தலைமுறை தலைமுறையாக ஆண்டு வந்துள்ளனர். கடனை எழுதி வைக்குமாறு பணிக்கும் அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனமே திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் என்பதை நம் பெரியோர் நன்கறிவர். ஆகவே கணக்கைத் தமிழில் எழுதுவதும் விளக்குவதும் நமக்குப் புறம்பான பணியன்று எனக் கருதுகிறோம்.

உடனடியான காரணமும் ஒன்றுண்டு. நீடாமங்கலம், பொதக்குடி, கூத்தாநல்லூர், அடியக்கமங்கலம் முதலிய ஊர்களில் சபுராளிகள் அனுப்பிய பணம் முன்னாளில் நிலமாகவும் வீடாகவும் நகையாகவுமே உருமாறிற்று. இந்நாளில் அதன் ஒரு பகுதி பங்குகளாக மாறுகிறது. கல்லூரி மாணவரும் கைப்பேசி வாயிலாகவே பங்கு வாங்குகின்றனர். வாங்குவோரிற் பலர் படிப்பது நிறுவனத்தின் கணக்கையன்று. கணக்கைப் பற்றிய ஒரு வரித் தலைப்பையே. 'இலாபம் 65 விழுக்காடு சரிவு' என்று ஒரு தலைப்பு வந்தால் அஞ்சி விற்பதும், 'வருவாய் உயர்வு' என்று வந்தால் மகிழ்ந்து வாங்குவதும் நிகழ்கின்றன. வளைகுடா வெயிலில் ஈட்டிய பொருள் இவ்வாறு ஒரு தலைப்பை நம்பி இடம்பெயர்வது நன்றன்று. எனவே, நாட்டில் விமான எஞ்சின்களை உருவாக்கும் பொதுத்துறை நிறுவனமாகிய இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் லிமிடெட் வெளியிட்ட காலாண்டுக் கணக்கையே எடுத்துக்காட்டாகக் கொண்டு, அதனைப் படிக்கும் முறையை ஈண்டு ஆராய்வோம். 'பொறி' என்னும் நல்ல தமிழ்ச்சொல் இருப்பினும், வாசகர் பழகிய 'எஞ்சின்' என்னும் சொல்லையே ஆள்கிறோம்.

நிறுவனமும் அதன் நான்கு காலாண்டுகளும்

1940இல் வால்சந்த் ஹீராசந்த் என்னும் தொழிலதிபர் மைசூர் அரசின் துணையுடன் பெங்களூரில் தொடங்கிய விமானத் தொழிற்சாலையே இந்நிறுவனத்தின் வேர். 1964இல் இன்றைய பெயரும் வடிவும் பெற்றது. பெங்களூரிலும் ஒடிசாவின் கோராபுட்டிலும் இதன் எஞ்சின் பிரிவுகள் உள்ளன. மிக்-21 போர்விமானத்தின் எஞ்சினைச் செய்வதற்கென எழுந்ததே கோராபுட் தொழிற்சாலை. 2018 மார்ச்சில் அரசு தன் பங்குகளில் ஏறத்தாழ 10 விழுக்காட்டைப் பொதுமக்களுக்கு விற்றது. அதுமுதல் மூன்று மாதத்திற்கு ஒருமுறை கணக்கு வெளியிடும் கடமை இந்நிறுவனத்திற்கு உண்டாயிற்று. பங்குச் சந்தை ஒழுங்குமுறை வாரியமாகிய செபியின் விதிப்படி, காலாண்டு முடிந்த 45 நாள்களுக்குள்ளும் ஆண்டுக் கணக்காயின் 60 நாள்களுக்குள்ளும் முடிவுகளை வெளியிடல் வேண்டும்.

2024-25ஆம் நிதியாண்டில் இந்நிறுவனம் ஈட்டிய வருவாய் ஏறத்தாழ 30,981 கோடி ரூபாய். வரிக்குப் பிந்திய நிகர இலாபம் ஏறத்தாழ 8,364 கோடி. நான்கால் வகுத்தால் காலாண்டு ஒன்றுக்கு 7,745 கோடி வருவாய் வரவேண்டும் என எண்ணத் தோன்றும். நடந்ததோ வேறு. ஏப்ரல் முதல் ஜூன் வரையில் வந்தது 4,348 கோடியே. அடுத்த காலாண்டில் 5,976 கோடி. அதற்கடுத்து 6,957 கோடி. ஜனவரி முதல் மார்ச் வரையிலான இறுதிக் காலாண்டில் மட்டும் 13,700 கோடி! ஆண்டு வருவாயில் 44 விழுக்காடு கடைசி மூன்று மாதத்தில் வந்து சேர்ந்தது. இலாபமும் அவ்வாறே. முதல் மூன்று காலாண்டுகளில் முறையே 1,437, 1,510, 1,440 கோடி; நான்காவதில் 3,977 கோடி.

இதனைக் கண்டு தஞ்சைத் தரணியார் வியப்படையத் தேவையில்லை. நம் வேளாளர் ஒருவரின் கணக்கை மும்மாதத்திற்கு ஒருமுறை வெட்டிப் பார்த்தால் எவ்வாறிருக்கும்? ஏப்ரல் முதல் ஜூன் வரை வயல் காய்ந்து கிடக்கும். மேட்டூர் அணை ஜூன் 12இல் திறந்தால் நாற்றங்காலுக்கும் உழவுக்கும் கையிலிருப்புக் கரையும். வரவு என ஒன்றுமிராது. அடுத்த மூன்று மாதத்தில் நடவுக்கூலியும் உரமும் களையெடுப்பும். குறுவை நெல் கொள்முதல் நிலையத்திற்குச் சென்று காசாவது பெரும்பாலும் மூன்றாம் காலாண்டில். அக்காசையும் சம்பாவும் தாளடியும் தின்றுவிடும். தை பிறந்து சம்பா அறுவடையாகி, தாளடியும் களம் சேர்ந்து, நீடாமங்கலம் ரயில் நிலையத்தில் சரக்கு வண்டிகள் நெல் மூட்டைகளோடு புறப்படும் காலத்திலேதான் அவர் கையில் பணம் நிற்கும். ஆடியில் அவர் கணக்கைப் பார்த்து 'வருமானம் வீழ்ந்தது' என்று எழுதுபவன் வேளாண்மை அறியாதவன்.

2025 ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலாண்டில் இந்நிறுவனத்தின் வருவாய் 4,819 கோடி. இலாபம் 1,384 கோடி. முந்திய காலாண்டோடு ஒப்பிட்டால் வருவாய், இலாபம் இரண்டும் ஏறத்தாழ 65 விழுக்காடு வீழ்ந்தனவாகத் தோன்றும். முந்திய ஆண்டின் அதே காலாண்டோடு ஒப்பிட்டாலோ வருவாய் 11 விழுக்காடு உயர்ந்துள்ளது. இலாபம் 4 விழுக்காட்டிற்குச் சற்றுக் குறைவாகத் தாழ்ந்துள்ளது. குறுவையைக் குறுவையோடும் சம்பாவைச் சம்பாவோடும் ஒப்பிடுவதே முறை. இவ்வாறு ஒப்பிட்ட பின்னர் எழும் வினாவே உண்மையான வினா: வருவாய் கூடியிருக்க இலாபம் குறைந்தது ஏன்? செலவினங்களின் வரிகளைப் படிக்கப் புகுவோர் இவ்வினாவோடு புகுதல் வேண்டும்.

ஈண்டு மற்றொரு நுட்பத்தையும் குறிப்பிடல் வேண்டும். முதல் மூன்று காலாண்டுக் கணக்குகளைத் தணிக்கையாளர் வரம்புக்குட்பட்ட அளவிலேயே சரிபார்ப்பர். முழுத்தணிக்கை ஆண்டுக்கணக்கிற்கே உரியது. நான்காம் காலாண்டின் எண்கள் தனியே தொகுக்கப்படுவனவல்ல. தணிக்கை முடிந்த ஆண்டுத் தொகையிலிருந்து ஒன்பது மாதத் தொகையைக் கழித்துப் பெறும் மீதியே அவை. முதல் ஒன்பது மாதங்களில் நேர்ந்த கூடுதல் குறைவுகள் யாவும் அங்கேதான் வந்து சமனாகும்.

எப்போது வருவாய் வருவாயாகும்?

மார்ச்சுக்கு மட்டும் இத்துணைச் சிறப்பு ஏன்? எஞ்சினைச் செய்து முடித்தவுடன் அதன் விலை வருவாயாகிவிடுவதில்லை. விமானப்படையின் சார்பில் சோதித்து, ஏற்புச் சான்று அளித்த பின்னரே நிறுவனம் அதனை வருவாயாக எழுத இயலும். வாங்குவோர் பெரும்பாலும் அரசே. அரசின் வரவுசெலவுத் திட்ட ஒதுக்கீடோ மார்ச் 31இல் முடிவது. ஆகவே ஆண்டு முழுதும் நடந்த வேலை அம்மாத இறுதிக்குள் கைமாறத் துடிக்கிறது. மூணாறு தலைப்பில் வெண்ணாற்று நீர் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என மூன்றாகப் பிரிவதைப்போல் இந்நிறுவனத்தின் வருவாயும் புதியன செய்தல், பழையன பழுதுபார்த்துப் புதுக்குதல், வடிவமைப்புப் பணி என மூன்றாக ஓடுகிறது. அண்மை ஆண்டுகளில் பாதிக்கு மேற்பட்ட நீர் பழுதுபார்ப்பு வாய்க்காலிலேயே வந்துள்ளது என்பதைப் பலர் அறியார்.

எஞ்சின் ஒன்றின் எடை இக்கணக்கில் எத்தகையது என்பதைப் பார்ப்போம். சுகோய்-30 போர்விமானங்களுக்காக 240 எஞ்சின்களைச் செய்துதர 2024 செப்டம்பரில் பாதுகாப்பு அமைச்சகம் இந்நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்தது. மதிப்பு 26,000 கோடிக்கு மேல். ஏஎல்-31எஃப்பி எனப்படும் அவ்வெஞ்சின்கள் கோராபுட்டில் ஆண்டுக்கு 30 வீதம் எட்டாண்டுகளில் உருவாக வேண்டும். வகுத்துப் பார்த்தால் ஓர் எஞ்சினுக்குச் சராசரியாக 108 கோடி. அவற்றுள் இரண்டே இரண்டு எஞ்சின்கள் மார்ச் 31இல் சான்று பெறாமல் ஏப்ரல் முதல் வாரத்தில் பெற்றால், 200 கோடிக்கு மேற்பட்ட வருவாய் ஒரு காலாண்டை விட்டு அடுத்த காலாண்டிற்கு, ஏன், அடுத்த நிதியாண்டிற்கே சென்றுவிடும். தொழிலாளர் உழைப்பில் ஒரு துளியும் குறைவில்லை. தலைப்புச் செய்தியோ 'சரிவு' என்றிருக்கும்.

2025 மார்ச் இறுதியில் இந்நிறுவனத்தின் கையிலிருந்த ஆணைகளின் மதிப்பு ஏறத்தாழ 1,89,000 கோடி. இவ்வெண்ணைக் காட்டிப் பங்கு வாங்கச் சொல்வோர் பலர். ஆணை என்பது வயலில் நிற்கும் பச்சைப்பயிர். கனி முற்றித் தன் தன்மை தெரியுமுன் மரத்தில் வைத்தே விற்பதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்ததை நம் மதரஸா மாணவரும் அறிவர். விளையுமுன் விளைச்சலாக எண்ணுவதிலுள்ள ஏமாற்றத்தை இக்காலக் கணக்கியலும் தன் வழியில் தடுக்கிறது. ஆணையை வருவாயாக எழுத அது இடந்தருவதில்லை.

ஆயின் முன்பணம் என ஒன்றுண்டு. அரசு ஒப்பந்தத்தின்போதே ஒரு பகுதித் தொகையைத் தருகிறது. மதீனாவில் பேரீச்சம்பழத்திற்கு ஓராண்டு ஈராண்டு முன்னரே விலை கொடுத்து வந்த வழக்கத்தை, அளவும் எடையும் தவணையும் தெளிவாக இருக்க வேண்டும் என்னும் நிபந்தனையோடு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அனுமதித்தார்கள். அதுவே 'ஸலம்' எனப்படும் முன்விலை வாணிகம். செய்து தரச் சொல்லி ஒப்பந்தம் செய்யும் 'இஸ்திஸ்னா'வை ஹனஃபீ சட்ட அறிஞர்கள் விரித்துரைத்தனர். எஞ்சின் ஒப்பந்தம் இவ்விரண்டாவதற்கு மிக நெருங்கியது. இவ்வகையில் பெற்ற பணம் பொருளை ஒப்படைக்கும் வரை பெற்றவரின் பொறுப்பே அன்றி வருமானமன்று. அதனாலேயே ஐந்தொகையில் அது சொத்துப் பக்கத்தில் வங்கி இருப்பாகவும், பொறுப்புப் பக்கத்தில் வாடிக்கையாளர் முன்பணமாகவும் இருமுறை தோன்றும். வங்கி இருப்பை மட்டும் கண்டு 'பணம் குவிந்துள்ளது' என்போர் மறுபக்கத்தைப் படியாதவர்.

சாக்கு இல்லாத நெல்

நெல் களத்தில் குவிந்திருக்கக் கொள்முதல் நிலையத்தில் சாக்கு இல்லையென்றால் என்னாகும் என்பதை இப்பகுதியார்க்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. அந்நிலை இந்நிறுவனத்திற்கும் நேர்ந்தது. 2021 பிப்ரவரியில் 83 தேஜஸ் மார்க்-1ஏ விமானங்களுக்கு ஆணை கிடைத்தது. அவற்றிற்குரிய எஃப்-404 எஞ்சின்கள் 99ஐ, 5,375 கோடி ரூபாய்க்கு அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்திடம் அதே ஆண்டு ஆகஸ்டில் இந்நிறுவனம் வாங்க ஒப்பந்தம் செய்தது. அந்த எஞ்சின் வகையின் உற்பத்தி வரிசையோ முந்திய ஆணை 2016இல் முடிந்தபின் நிறுத்தப்பட்டிருந்தது. அதனை மீளத் தொடங்கி முதல் எஞ்சினை ஒப்படைத்தபோது 2025 மார்ச் இறுதி ஆகிவிட்டது. விமானத்தின் உடல் ஆயத்தமாயிருந்தும் உயிராகிய எஞ்சின் வரவில்லை. செலவழித்த தொகை ஐந்தொகையில் முடிவுறாப் பொருளிருப்பாகத் தேங்கும். இலாப நட்டக் கணக்கில் வருவாயாக ஏறாது. ஆகவே தேங்கிய சரக்கிருப்பு எவ்வளவு என்னும் வரியை வருவாய் வரிக்கு முன்னரே படிப்பது நலம் என்போம்.

ஏன் பிறரை நம்ப நேர்ந்தது? நம் ஆற்றின் பெயர் தாங்கிய எஞ்சினின் கதை ஈண்டு வருகிறது. பெங்களூரிலுள்ள எரிவாயுச் சுழலி ஆய்வு நிறுவனம், தேஜஸ் விமானத்திற்கெனக் 'காவேரி' என்னும் எஞ்சினை உருவாக்க 1989இல் ஒப்புதல் பெற்றது. தொடக்க மதிப்பீடு 382.81 கோடி ரூபாய். எதிர்பார்த்த உந்துவிசையை அது எட்டவில்லை, எடையும் மிகுந்தது. 2008இல் தேஜஸ் திட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. செலவு 2,000 கோடியைத் தாண்டிற்று. ஆளில்லா விமானத்திற்கேற்ற வடிவில் அம்முயற்சி பின்னரும் தொடர்ந்தது. உருகும் வெப்பத்தையும் விஞ்சிய அனலில் சுழலும் தகடுகளை ஒற்றைப் படிகமாக வார்க்கும் கலை உலகில் விரல்விட்டு எண்ணத்தக்க நாடுகளிடமே உள்ளது. அதனை எவரும் விலைக்கும் எளிதில் தருவதில்லை.

கணக்கு நோக்கில் கவனிக்க வேண்டியது யாதெனில், காவேரிக்கான இச்செலவு எந்தக் காலாண்டுக் கணக்கிலும் நட்டமாகத் தோன்றவில்லை என்பதே. ஆய்வகம் அரசினுடையது, செலவு பாதுகாப்பு நிதியினுடையது. செய்து விற்கும் நிறுவனத்தின் கணக்கில் அது காணப்படாது. எஞ்சின் ஆராய்ச்சிச் செலவின் ஒரு பகுதி இவ்வாறு கணக்கிற்கு வெளியே நிற்கிறது. இந்நிறுவனத்தின் இலாப விகிதத்தை மேலைநாட்டு எஞ்சின் நிறுவனங்களோடு நேருக்கு நேர் ஒப்பிடுவது பொருந்தாது என்பது நம் கருத்து.

அதற்கு மறுதலையான எடுத்துக்காட்டு பிரிட்டனின் ரோல்ஸ்-ராய்ஸ். 1968இல் லாக்ஹீட் நிறுவனத்திற்கு ஆர்பி-211 என்னும் புதிய எஞ்சினை மாறா விலைக்குத் தர அது ஒப்புக்கொண்டது. உருவாக்கச் செலவு 6.5 கோடி பவுண்டு என மதிப்பிட்டது 1970இல் 17 கோடி பவுண்டைத் தொட்டது. கரியிழையால் செய்த விசிறித் தகடுகள் பறவை மோதும் சோதனையில் தோற்றுச் சிதறின. ஆராய்ச்சிச் செலவின் பெரும்பகுதியை அந்நிறுவனம் அவ்வப்போது செலவாக எழுதாமல், எதிர்காலத்தில் பயன்தரும் சொத்தாக ஐந்தொகையில் முன்னெடுத்துச் சென்றது. ஏட்டில் இலாபம் இருந்தது; பெட்டியில் பணம் இல்லை. 1971 பிப்ரவரி 4இல் நிறுவனம் நொடித்தது. அரசு அதனை ஏற்றது. 1987இல்தான் மீண்டும் தனியார் கைக்குச் சென்றது. வியப்பு யாதெனில், நிறுவனத்தைக் கவிழ்த்த அதே எஞ்சின் பின்னர் அதன் பெருஞ்செல்வமாயிற்று. காலாண்டோ ஆண்டோ அளக்க முடியாத நெடுங்காலத் தொழில் இது.

மேலைநாட்டுப் பயணிகள் விமான எஞ்சின் நிறுவனங்களுக்கு இலாபம் விற்பனையில் இல்லை, பராமரிப்பில் இருக்கிறது. பறந்த மணிக்கு இவ்வளவு எனக் கட்டணம் பெறும் முறையை 1962இல் பிரிஸ்டல் சிடெலி நிறுவனம் தொடங்கிற்று. அந்நிறுவனம் பின்னர் ரோல்ஸ்-ராய்ஸில் இணைந்தது. விமானம் பறந்தால் வருவாய். தரையில் நின்றால் இல்லை. 2020இல் கொரோனா நோய் விமானங்களை நிறுத்தியபோது ரோல்ஸ்-ராய்ஸின் பெரிய எஞ்சின்கள் பறந்த மணிகள் முந்திய ஆண்டின் பாதிக்கும் கீழே இறங்கின. நட்டம் பல நூறு கோடி பவுண்டுகளாயிற்று. அமெரிக்காவின் பிராட் அண்ட் விட்னி எஞ்சினில் பயன்பட்ட உலோகத்தூளில் மாசு கலந்தமை 2023இல் தெரியவந்தபோது, அதன் தாய்நிறுவனமாகிய ஆர்டிஎக்ஸ் ஒரே காலாண்டில் 540 கோடி டாலரை விற்பனையிலிருந்து கழித்து, 98 கோடி டாலர் நிகர நட்டம் காட்டிற்று. எஞ்சின் பழுதடைந்த ஆண்டு வேறு. நட்டம் எழுதிய காலாண்டு வேறு.

மீண்டும் நம் நிறுவனத்திற்கு வருவோம். 2023-24இல் 30,381 கோடியாக இருந்த வருவாய் 2024-25இல் 2 விழுக்காடே உயர்ந்தது. இலாபமோ 7,621 கோடியிலிருந்து 8,364 கோடியாக, ஏறத்தாழ 10 விழுக்காடு உயர்ந்தது. இவ்விடைவெளியை நிரப்பியவற்றுள் ஒன்று 'இதர வருமானம்' என்னும் வரி. அதன் பெரும்பகுதி வங்கி வைப்புகளுக்கு வந்த வட்டி. முன்பணமாக வந்து, வேலை முடியும்வரை வங்கியிலிருக்கும் பணமும் வட்டி ஈட்டுகிறது. எஞ்சின் செய்து பெற்ற இலாபம் எது, வட்டியாக வந்தது எது எனப் பிரித்தறிவது எல்லா முதலீட்டாளர்க்கும் பயன்தரும். நமக்கோ கடமையும் ஆகும். இஸ்லாமிய நிதி நிறுவனங்களுக்கான கணக்கியல் அமைப்பாகிய ஆயோஃபி, மார்க்கத்திற்கு ஒவ்வாத வருமானம் மொத்த வருமானத்தில் 5 விழுக்காட்டை மிஞ்சக்கூடாது என்றும், வட்டிக்கு இட்ட வைப்புகள் நிறுவனத்தின் சந்தை மதிப்பில் 30 விழுக்காட்டை எட்டக்கூடாது என்றும் எல்லை வகுத்துள்ளது. இவ்வெல்லைகளையே ஏற்காத அறிஞரும் உளர். படைக்கலத் தொழிலில் பங்கு கொள்வது பற்றியும் கருத்து வேறுபாடு உண்டு. தீர்ப்பளிப்பது உலமாக்களின் பணி. அவர்களிடம் வினவச் செல்வோர் கையில் கொண்டுசெல்ல வேண்டியவை மூன்று எண்களே: இதர வருமானம், மொத்த வருமானம், வங்கி வைப்பு. முதலிரண்டும் ஒவ்வொரு காலாண்டு முடிவின் முதற்பக்கத்திலேயே, 'செயற்பாடுகளிலிருந்து வருவாய்' என்னும் வரிக்குக் கீழே அடுத்தடுத்து அச்சிடப்பட்டிருக்கும். மூன்றாவது எல்லாக் காலாண்டிலும் கிடைக்காது. செப்டம்பர், மார்ச் ஆகிய இரு மாத இறுதிகளுக்குரிய ஐந்தொகையில்தான் கிடைக்கும்.